சபையின் நாவு

தரங்கம்பாடி என்றதும் வரலாறு அறிந்தோர் நினைவுக்கு வருபவை சில. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் எழுப்பத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை ஒன்று. 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் அங்கே கரையிறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் லுத்தரன் போதகர்கள் மற்றொன்று. அவர்கள் வழியாக வந்த தமிழ் அச்சகமும், 1715-இல் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடும் இன்னொன்று. பலரும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். சீகன்பால்கு பழைய ஏற்பாட்டையும் தமிழாக்கத் தொடங்கி, ரூத்து நூல் வரை முடித்து, 1719-இல் கண்மூடினார் என்பதும், எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்சே 1728-க்குள் நிறைவேற்றினார் என்பதும் அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை. திருப்பாடல்கள் தமிழ் அச்சில் ஏறியது அந்தப் பணியின் ஒரு பகுதியாகவே.

அப்பாடல்களை இன்று நாம் நம்முடையவையாகவே கருதிச் செபிக்கிறோம். அதில் தவறில்லை. ஆயினும் அவை தரங்கம்பாடியில் தமிழ் உருப்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, தம் மூல மொழியாகிய எபிரேயத்தில், இதே தென்னாட்டின் மேற்குக் கரையில் வழிபாட்டில் ஒலித்துக்கொண்டிருந்தன. கொடுங்கல்லூர், பரூர், சேந்தமங்கலம், மாளை, கொச்சி ஆகிய ஊர்களின் யூதர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். அவர்களுக்கு முன்னால் நின்று அச்செபத்தை நடத்தியவர்கள் யார்? ஊருக்காகச் செபிக்கும் பணியில் தமக்கெனப் புனிதத்தை அவர்கள் எவ்வாறு தேடினர்? இவ்வினா யூதர்களுக்கு மட்டும் உரியதன்று. குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் டெல்டா நாட்டுச் சிற்றூர்க் கோயில்களில் செபத்தை முன்நின்று நடத்தும் உபதேசியார்களும் பொதுநிலையினரும் இதே வினாவை நெஞ்சில் சுமந்தே நிற்கின்றனர்.

ரபி இல்லாத சபை

கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தார். வட்டெழுத்தில், தமிழின் சாயல் மாறாத அக்கால மலைநாட்டு மொழியில் அது பொறிக்கப்பட்டுள்ளது. பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலிய சிறப்புகள் அவ்வுரிமைகளுள் அடங்கும். அரசர் மதித்த சமூகம் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆயினும் ஐரோப்பிய யூதரிடையே காணப்படுவது போல, முறையாகப் பட்டம் பெற்ற ரபிமார் சபையை வழிநடத்தும் வழக்கம் கொச்சியில் வேரூன்றவில்லை. எபிரேயம் கற்ற பெரியவர்களே வழிபாட்டை நடத்தினர். பகலில் கடையில் அமர்ந்தவர், சரக்கு ஏற்றியவர், புத்தகம் கட்டியவர் ஆகியோரே மாலையில் தொழுகைக்கூடத்தின் நடுவே இருந்த மேடையில் ஏறினர். யூத நெறியில் இதற்குத் தடை ஏதுமில்லை. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டபின் பலிகள் நின்றன. செபமே அவற்றின் இடத்தைப் பெற்றது. பலியிடும் பணி ஆரோன் வழிவந்த குருக்களுக்கு உரியது. செபத்தை நடத்தும் பணியோ அதைக் கற்றறிந்த எவருக்கும் திறந்திருந்தது. பழங்காலத்தில் அது ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. இன்று சில யூதப் பிரிவுகளில் பெண்களும் நடத்துகின்றனர்.

முன்நிற்பவருக்கு எபிரேயத்தில் 'ஷலியாஹ் ட்சிப்பூர்' என்று பெயர். சபையின் தூதர் என்பது அதன் பொருள். அவர் கடவுளிடமிருந்து மக்களிடம் அனுப்பப்பட்டவர் அல்லர். மக்களிடமிருந்து கடவுளிடம் அனுப்பப்பட்டவர். பத்துப் பேர் கூடினாலன்றிச் சபைச் செபம் தொடங்காது. அந்தப் பத்துப் பேருள் அவரும் ஒருவரே. அவரது புனிதம் பற்றிய யூதச் சிந்தனை முழுவதும் இந்தப் பெயரில் அடங்கியிருக்கிறது எனலாம்.

உப்பும் காலிப் பத்தாயமும்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், பின்னர் அதற்கு விரிவுரையாக வளர்ந்த தல்மூதும் இத்தூதரைப் பற்றிப் பல இடங்களில் பேசுகின்றன. செபத்தை நடத்த வருமாறு ஒருவரை அழைத்தால் அவர் உடனே எழுந்துவிடலாகாது என்கிறது தல்மூது. முதல் அழைப்பை மறுக்க வேண்டும். இரண்டாம் அழைப்பில் தயங்க வேண்டும். மூன்றாவதில் எழுந்து செல்ல வேண்டும். மறுக்காமலே எழுபவர் உப்பில்லாப் பண்டத்துக்கு ஒப்பானவர். அளவுமீறி மறுப்பவர் உப்புக் கரித்த பண்டத்துக்கு ஒப்பானவர். பணிவும் மிகுந்தால் கரிக்கும் என்று கண்ட நுட்பம் நம்மை வியக்க வைக்கிறது. ஆனால் நடத்துபவர் இடையில் தடுமாறி நின்றுவிட்டார் என்றால், அவரது இடத்துக்கு அழைக்கப்படுபவர் மறுக்கவே கூடாது. அப்போது பணிவு காட்டிக்கொண்டிருந்தால் சபையின் செபம் நடுவழியில் நிற்கும். ஒருவர் தம் எளிமையைப் பேணுவதை விட, ஊரின் செபம் முறியாதிருப்பது பெரிது.

மழை பொய்த்த காலத்து நோன்பு நாள்களுக்குத் தனி விதி உண்டு. அன்று முன்நிற்பவர் முதியவராகவும் செபத்தில் பழகியவராகவும் இருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ளவராகவும், வீடு வெறுமையானவராகவும் இருக்க வேண்டும். நம் காவிரி நாட்டுப் பேச்சில் சொன்னால், பத்தாயம் காலியான குடும்பத்தலைவரே மழைக்காக மன்றாடத் தக்கவர். களஞ்சியம் நிரம்பியவரின் குரல் இனிமையாக இருக்கலாம். ஆனால் மழையை அவர் ஊருக்காகக் கேட்பார், தமக்காகக் கேட்கமாட்டார். வறியவரோ கேட்கும்போதே ஊராகிவிடுகிறார். இங்கே புனிதம் என்பது குறையற்ற நிலை அன்று. பிறரது தேவையும் தமது தேவையும் வேறல்ல என்னும் நிலையே அது.

இன்னொன்றும் சொல்லத் தகும். அச்சிட்ட செப நூல்கள் இல்லாத காலத்தில் செபத்தை மனப்பாடமாக அறியாதோர் பலர் இருந்தனர். முன்நிற்பவர் சொல்ல, அவர்கள் 'ஆமென்' என்று சொன்னால் அச்செபம் அவர்களுடையதாகவே கொள்ளப்பட்டது. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த ரபான் கமாலியேல் மரபினரின் பெயரால் வழங்கும் ஒரு கருத்து இதற்கும் அப்பால் செல்கிறது. வேலை மிகுதியால் வர இயலாமல் வயலில் நிற்பவர்களுக்காகவும் அந்தத் தூதரின் செபம் செல்லும் என்பது அது. நாற்று நடவு நாளில் கோயில் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு மனம் நோகும் நம்மவர்க்கு இக்கருத்து ஆறுதல் தரும். வந்திருப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு செபத்தை அளக்க வேண்டியதில்லை.

இருமுறை சொல்லும் செபம்

வழிபாட்டை நடத்துவோர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு துன்பம் உண்டு. பக்கத்தைப் புரட்ட வேண்டும், இராகத்தைப் பிடிக்க வேண்டும், பிந்தி வருவோரைக் கவனிக்க வேண்டும், அடுத்து யார் வாசிப்பார் என்று தேட வேண்டும். இவற்றுக்கிடையே தம் சொந்தச் செபம் எங்கோ நழுவிப்போகிறது. பிறருக்கு விருந்து பரிமாறியவர் தாம் பசியோடு வீடு திரும்பும் நிலை இது.

யூத வழிபாட்டின் அமைப்பே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அதன் மையமான செபத்தை முதலில் ஒவ்வொருவரும் நின்றுகொண்டு, உதடு மட்டும் அசைய, மௌனமாகச் சொல்வர். முன்நிற்பவரும் அவ்வாறே சொல்வார். அதன் பின்னரே அவர் அதே செபத்தை உரத்த குரலில் மறுபடியும் சொல்வார். சபை 'ஆமென்' என்னும். முதல் முறை அவர் தமக்காக நிற்கிறார். மறுமுறை அனைவருக்காகவும் நிற்கிறார். மௌனமாகச் சொல்லும் நேரம் தூதர் தம் செபத்தைச் சீர்செய்துகொள்ளும் நேரம் என்று தல்மூதில் ஒரு விளக்கமும் உண்டு. முற்காலத்துப் பக்தர்கள் செபிக்கும் முன் ஒரு மணி நேரம் அமைதியாகக் காத்திருந்து இதயத்தை இறைவன்பால் திருப்பினர் என்று மிஷ்னா கூறுவதும் இதே உண்மையைத்தான். உரத்த குரலுக்கு முன்னால் ஒரு மௌனம் இருந்தாக வேண்டும். அந்த மௌனமே முன்நிற்பவரின் பங்கு.

மட்டாஞ்சேரியில்

இம்மரபு கொச்சியில் நம் நாட்டு உடையை அணிந்துகொண்டது. மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்வர். பித்தளைக் கைப்பிடியோடு கூடிய மேடை கூடத்தின் நடுவே உள்ளது. இதற்கு மேல், மாடத்தில் பெண்கள் பகுதியை ஒட்டி இரண்டாவது மேடை ஒன்றும் உள்ளது. கேரளத்துத் தொழுகைக்கூடங்களுக்கே உரிய தனி அமைப்பு இது. பெண்கள் மேடை ஏறவில்லை. ஆயினும் மலையாளத்தில் யூத பக்திப் பாடல்களை அவர்கள் பாடினர், குறிப்பேடுகளில் எழுதி மகள்களுக்குக் கொடுத்தனர். திருமணங்களிலும் பெருவிழாக்களிலும் ஒலித்த அப்பாடல்களை இன்று ஆய்வாளர்கள் தேடித் தொகுத்துள்ளனர்.

கொச்சி மக்கள் புனிதர் என்று போற்றிய ஒருவரும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெகேமியா மோத்தா என்னும் கவிஞரும் மறைஞானியும் அவர். 'நாம்யா மூத்தா' என்று ஊரார் அழைத்தனர். அவர் யாத்த எபிரேயப் பாடல்கள் கொச்சி வழிபாட்டில் இடம்பெற்றன. 18-ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதருக்கென ஆம்ஸ்டர்டாமில் செப நூல்கள் அச்சிடப்பட்டன. மட்டாஞ்சேரியில் உள்ள நாம்யா மூத்தாவின் கல்லறையில் யூதர் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டனர். வேளாங்கண்ணியையும் நாகூரையும் அருகே கொண்ட நமக்கு இது புதிதன்று. தம் சபைக்காகப் பாடியவரின் செபத்தில், சபைக்கு வெளியே நின்றவர்களும் தங்களுக்கு இடமிருப்பதாக உணர்ந்தனர்.

தரையில் அமர்த்தப்பட்டவர்கள்

ஆனால் அதே மட்டாஞ்சேரியில் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர் என்பதை மறைத்தால் வரலாறு பொய்யாகும். பரதேசி யூதர் குடும்பங்களில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள் 'மெஷுஹ்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர், எனப்பட்டனர். யூத நெறியைக் கைக்கொண்டிருந்தும் அவர்களுக்குத் தொழுகைக்கூடத்தில் இருக்கை இல்லை. தரையிலோ வெளிப்படிகளிலோ அமர வேண்டும். திருச்சட்டச் சுருளை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவில்லை. மணவுறவும் மறுக்கப்பட்டது. இத்தகைய பாகுபாட்டைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோ நகரத்துப் பெரும் ரபி தாவீது இப்னு சிம்ராவுக்கு வினா சென்றது. முறைப்படி விடுதலையும் நீர்முழுக்கும் பெற்றோர் முழுமையான யூதரே என்று அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. மக்கள் தரையில் இருந்தனர். பல்லக்கும் குடையும் ஏறிய பழம்பெருமையைச் செப்பேட்டில் காத்துவந்த சபை, தன் சொந்த உறுப்பினர்க்கு ஒரு பலகை இருக்கை தர மனமின்றி இருந்தது.

இவ்வகுப்பில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் பயின்று வழக்குரைஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்று வந்தார். தொழிலாளர் உரிமைக்காக அவர் வாதாடினார். எர்ணாகுளத்தில் ஒரு மேட்டில் நின்று மக்களிடம் பேசுவார். சட்டமன்றத்தில் கொச்சி மக்களுக்காகக் குரல் எழுப்பியவரின் வகுப்பார்க்குத் தம் இறைவனின் இல்லத்தில் பிறருக்கு முன்னால் வாய் திறக்க உரிமை இல்லை. காந்தியடிகளின் அறப்போர் முறையைச் சேலம் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். சிலகாலம் வழிபாட்டைப் புறக்கணித்து விலகி நின்றார். ஆயினும் அவர் அச்சபையை விட்டு அகலவில்லை. அதன் செபத்தையும் வெறுக்கவில்லை. செபிக்கும் உரிமைக்காகச் செபக்கூடத்தைப் புறக்கணித்தது முரண் போலத் தோன்றலாம். ஆனால் சபையின் செபம் சிலரைத் தள்ளிவைத்துச் சொல்லப்படும்போது, அந்தத் தூதர் யாருடைய தூதர் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

1930-களிலிருந்து தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. இருக்கை கிடைத்தது; வாசிக்கும் அழைப்பும் கிடைத்தது. 1950-இல் சேலத்தின் மகன் பரதேசி யூதர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அத்திருமணம் பம்பாயில் நடந்தது. சேலம் 1967-இல் கொச்சியிலேயே மறைந்தார். தொழுகைக்கூடத்துக்குச் செல்லும் தெரு அவர் பெயரால் வழங்குகிறது.

மீண்டும் நம் கரையில்

சேலத்தின் கதையைப் படிக்கும் நாம் மட்டாஞ்சேரியை மட்டும் குறைகூறிவிட்டு எழ முடியாது. தரங்கம்பாடி லுத்தரன் திருச்சபையில் 1733-ஆம் ஆண்டு திசம்பர் 28-ஆம் நாள் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்தவர் அவர். அயல்நாட்டுப் போதகர் வந்து 27 ஆண்டுகளில் ஒரு தமிழர் வழிபாட்டை முன்நின்று நடத்தினார். மகிழத்தக்க நிகழ்ச்சி இது. ஆனால் அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்தவர். கத்தோலிக்கராயிருந்து தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தவர். உழைப்பிலும் பற்றிலும் சிறந்தவர் என்று போதகர்களே ஒப்புக்கொண்டவர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில் அவரைப் பற்றியும் பேசப்பட்டது. ஆயினும் பட்டம் 1741-இல் தியோகு என்பவருக்கே சென்றது. இராசநாயக்கன் பறையர் குலத்தவர். மேல்சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்று போதகர்கள் அஞ்சினர். அவரோ உபதேசியாராகவே தொடர்ந்து உழைத்தார்.

நம் கத்தோலிக்கக் கோயில்களும் இதற்கு விலக்கல்ல. நெல்லை வடக்கன்குளத்தில் சாதிப் பிரிவினருக்குத் தனித்தனி அறைகளாக ஒரே கோயில் கட்டப்பட்டு, நடுவே நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். டெல்டாவின் ஊர்கள் சிலவற்றில் யார் வாசகம் வாசிப்பது, யார் தேரின் வடம் தொடுவது என்ற பூசல் இன்னமும் கேட்கிறது.

இவற்றையெல்லாம் யூத மரபின் ஒளியில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒருவரை முன்நிற்கத் தகாதவர் என்று சபை தள்ளும்போது, சிறுமைப்படுபவர் அவர் மட்டும் அல்லர். அனுப்பப்படுபவர் அனுப்புவோரைப் போன்றவரே என்பது யூதர் கொள்கை. முன்நிற்பவர் செபத்தில் தடுமாறினால் அது அனுப்பிய சபைக்கும் தீய அறிகுறி என்று மிஷ்னா எச்சரிக்கிறது. அப்படியாயின், சிலரது குரல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் சபையின் தூது எவ்வாறு முழுமையடையும்? புனிதத்தை மேடையில் தேடியவர்கள் அதைக் காணத் தவறியபோது, அது தரையில் அமர்ந்திருந்தது.

பத்துப் பேருக்கு ஒருவர்

இசுரயேல் நாடு 1948-இல் உருவானபின், 1950-களின் நடுப்பகுதியில் கேரள யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். பரதேசி தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா 1968-இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் பங்கேற்கப் பெரும் சிறப்போடு நடந்தது. ஆனால் கூட்டம் கரைந்துகொண்டே போயிற்று. பிற்காலத்தில் பத்து ஆண்கள் சேர்வதே அரிதாயிற்று; வெளியூரிலிருந்து வந்த யூதப் பயணியையும் எண்ணிக்கையில் சேர்த்து வழிபாட்டைத் தொடங்கிய நாள்கள் உண்டு. குலமும் நிறமும் பார்த்து இருக்கையைப் பிரித்த கூடத்தில், வாயிலில் நுழையும் எவரும் பத்தாமவராக வரவேற்கப்படும் நிலை வந்தது. அப்போது அங்கே யாரும் அவரது பாட்டன் யார் என்று கேட்டிருக்க முடியாது.

யூதரோடு நமக்குள்ள ஆன்மிக உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நினைவூட்டியது. தரங்கம்பாடியில் தமிழாகிய திருப்பாடல்களும் அதே உறவைத்தான் ஒவ்வொரு நாளும் நம் நாவில் வைக்கின்றன. கோயிலில் வாசகம் வாசிக்கவோ மன்றாட்டு சொல்லவோ செபமாலையைத் தொடங்கவோ எழும் ஒவ்வொருவரும் அப்பாடல்களை முதலில் பாடியோரிடமிருந்து மூன்றைக் கற்றுக்கொள்ளலாம். எழுவதற்கு முன் ஒரு கணம் மௌனமாக நமக்காகச் செபிப்போம். எழுந்தபின் வயலில் நிற்பவரையும் சேர்த்துக்கொள்வோம். அமர்ந்தபின், நாம் நின்ற இடத்தில் இதுவரை நிற்க அழைக்கப்படாதவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அடுத்த ஞாயிறு அவரை அழைப்போம். முதல்முறை அவர் மறுப்பார். மூன்றாம் முறை வரை நாம் அழைக்க வேண்டும்.